தமாரா சொன்னது

ஜனவரி 8, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மங்களேஸ்வரி வாசலில் நின்றாள். சொல்லாமல் வருவது அவள் வழக்கம். என் கணவர் ஞானாதிக்கத்தின் நாடகக் குழுவில் வெகுகாலமாக முதல் நடிகை அவள்தான். அவர் போன பிறகு குழுவை நடத்துவதும் அவள்தான். உட்காரச் சொன்னேன். நான் என் நாற்காலியைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். செட்டியார் வீதிப் புழுதி முழுவதும் எங்கள் கூடத்துக்குத்தான் வருகிறது.

"அக்கா, மார்ச்சுல சாருக்கு மொத வருஷம் வருதுல்ல. அதுக்கு ஒரு நாடகம் போடலாம்னு இருக்கோம். புதுசு. நானே எழுதினது. தமாராம்மாவப் பத்தி."

எனக்குத் தங்கைகள் இல்லை. இவள் ஏன் என்னை அக்கா என்கிறாள் என்று தெரியவில்லை.

தமாரா கிரிகோரியெவ்னா. கல்யாணமான இரண்டாம் வருஷம் உதவித்தொகை கிடைத்து அவர் நடிப்புப் படிக்க மாஸ்கோ போனார். நான் கைக்குழந்தை ஷீலாவோடு வேலூரில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு கான்வென்டில் பாடம் நடத்தினேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு ரோமத் தொப்பியோடும் இந்தப் பெயரோடும் திரும்பி வந்தார். தொப்பியைப் பூச்சி அரித்துவிட்டது. பெயர் மட்டும் கடைசிவரை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது. ருஷ்யாவில் நடிப்புக் கற்பிக்கும் முறையையே மாற்றியவள் என்பார். வசனத்தைத் தொடுவதற்கு முன்பு, ஒரு வெறும் நாற்காலியில் மனிதன் மனிதனாக உட்காரக் கற்கவேண்டும் என்று முதலில் சொன்னவளாம். இந்த ஊர் மேடையில் சபையைப் பார்த்துக் கத்தாமல் நாலு பேர் இயல்பாகப் பேசுகிறார்கள் என்றால் அது ஞானாதிக்கம் வழியாக வந்த தமாராவின் செல்வாக்கு என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள். அந்தப் பத்தியில் நான் இல்லை.

மங்களேஸ்வரி நாடகத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள். நான் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தேன்.

"முடிந்ததா?" என்று கேட்டேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒத்திகைக்கு இடம் இல்லையாம். எங்கள் முன்கூடத்தைக் கேட்டாள். சரி என்றேன். பிரியத்தினால் அல்ல. எது நடந்தாலும் என் கண்ணெதிரில் நடக்கட்டும்.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். ஷீலா பெங்களூரிலிருந்து பேசினாள். "எதுக்கும்மா அவங்களையெல்லாம் வீட்டுக்குள்ள விடுறே?" என்றாள். வீடு என்னுடையது என்றேன்.

ஜனவரி 22, ஞாயிறு

முதல் ஒத்திகை. சாப்பாட்டு மேசையை ஒதுக்கிவிட்டார்கள். அவராக நடிப்பவன் இளம்பரிதி, வங்கியில் வேலை பார்ப்பவன், வயது முப்பது இருக்கும். மூக்கு சரியில்லை. ஆனால் வணக்கம் சொல்லத் தெரிகிறது.

தமாராவாக மங்களேஸ்வரி. உள்ளே வந்தாள். உட்காருவதற்கு முன்பு நாற்காலியைப் பார்த்தாள், துடைத்தாள். முதுகு சாயவில்லை. மாணவன் உளறி முடிக்கும்வரை காத்திருந்து, இல்லாத கண்ணாடியைக் கழற்றி, மடித்து, இல்லாத மேசையில் வைத்தாள். "முடிஞ்சுதா?" என்றாள்.

அந்த ருஷ்யக்காரியை எனக்குப் பிடிக்காது. ஆனால் அவள் ஒழுங்காக வளர்க்கப்பட்டவள் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். குழுவில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. இருக்கிற ஒரே புகைப்படத்தில் எல்லா முகங்களும் தொப்பிக்குள் காசு மாதிரி இருக்கின்றன. "பின்னே எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"சார் செஞ்சு காட்டுவார்க்கா. வகுப்புல ஒரு நாற்காலியப் போட்டு, 'இப்ப நான் தமாரா'ம்பார். அவ்வளவுதான், வேற ஆளாயிடுவார். நாங்க சாருக்குக்கூட பயப்பட மாட்டோம், தமாராம்மாவுக்குப் பயப்படுவோம்."

அவளை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார். இரண்டே வருஷம். என்னோடு ஒரு ஆயுள் இருந்தார். ஒருநாளும் எனக்கு என்னைச் செய்து காட்டியதில்லை.

நாடகத்தில் மனைவியும் உண்டு. பிரதியை வாங்கிப் பார்த்தேன். 'மனைவி காபி கொண்டுவருகிறாள். வைக்கிறாள். போகிறாள்.'

"இவருக்கு டீதான் பிடிக்கும்" என்றேன்.

"மாத்திடறேன்க்கா" என்றாள் மங்களேஸ்வரி.

ஜனவரி 25, புதன்

ஒத்திகைக்கு நடுவில் தமாராவின் பொன்மொழிகளைப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், ஞானோபதேச வகுப்பு மாதிரி. சமையலறையில் இருந்தாலும் காதில் விழுகிறது.

'சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காதே. அது கேட்பவனின் பங்கு.' சரியான பேச்சு. வேலூர் கான்வென்டில் எங்கள் சிஸ்டர் பெர்னதெத்தும் இதையேதான் சொல்வார்கள், இதே வார்த்தைகளில். நானும் என் மாணவிகளுக்கு இதையே சொன்னேன். நல்ல ஆசிரியர்கள் எந்த நாட்டிலும் ஒன்றையே சொல்வார்கள் போலிருக்கிறது.

'அழுகை வந்தால் மறை. மறைக்கிறவளைத்தான் சபை பார்க்கும்.' இதுவும் சரி.

ஜனவரி 29, ஞாயிறு

தரையில் கோடு விழுந்திருக்கிறது. நாற்காலியைத் தூக்கி வைக்கத் தெரியாதவர்கள் கலையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பிப்ரவரி 5, ஞாயிறு

இன்று மங்களேஸ்வரி அவர் அறைக்குள் போய் அவர் சால்வையைக் கேட்காமல் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "சார் வாசனை இன்னும் இருக்குக்கா" என்றாள். சார் வாசனை இவளுக்கு எப்படித் தெரியும்? துவைக்கவேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். துவைக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

முன்பெல்லாம் நாடகம் முடிந்து நாங்கள் ஆட்டோவில் திரும்புவோம். மற்றவர்கள் எல்லாம் மாலை போட்டுப் பாராட்டியிருப்பார்கள். குறையைச் சொல்வதற்கு நான் ஒருத்திதான். இந்தப் பெண் அழுது தீர்த்துவிட்டாள், எங்களுக்கு அழ மிச்சம் வைக்கவில்லை என்பேன். அந்தப் பையன் கையில் சட்டியைப் பிடித்தான், சூடு கையில் மட்டும் இருந்தது, முகத்துக்கு வரவில்லை என்பேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வருவார். "கேட்கிறீர்களா?" என்றால், "ம்" என்பார். ஒருநாள், "தமாரா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பான்னு யோசிக்கிறேன், ரெஜினா" என்றார்.

அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பழக்கம்.

பிப்ரவரி 15, புதன்

மாஸ்கோவிலிருந்து ஒரு பழைய படம் வந்திருக்கிறதாம். மங்களேஸ்வரி அந்தப் பள்ளிக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். தமாராவின் வகுப்பையே அந்தக் காலத்தில் படம் எடுத்து வைத்திருந்தார்களாம். "தமாராம்மாவ நேர்ல பாக்கப் போறோம்க்கா! உங்க டிவியிலதான் பாக்கணும், அதான் பெரிசு." குழந்தை மாதிரி குதித்தாள்.

எனக்கும் பார்க்கவேண்டும். இவ்வளவு வருஷம் எந்த முகத்தோடு வாழ்ந்தேன் என்று தெரியவேண்டும்.

பிப்ரவரி 19, ஞாயிறு

பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன்.

எல்லோரும் தரையில், நான் நாற்காலியில். கறுப்பு வெள்ளைப் படம், பேச்சு கேட்கிறது, புரியவில்லை. ஒரு பெரிய அறை, மாணவர்கள். குட்டையாக, பருமனாக ஒரு பெண் ஓடி வந்தாள். கம்பளிச் சட்டையில் ஒரு பித்தானைக் காணவில்லை. வாயில் சிகரெட். நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இது யாரு, ஆயாவா?" என்று இளம்பரிதி கேட்டான்.

"கீழ பேரு போட்டிருக்கு பாரு" என்றாள் மங்களேஸ்வரி. குரல் மாறியிருந்தது.

அவள்தான் தமாரா. மாணவர்கள் பேசி முடிக்கும்வரை அவள் காத்திருக்கவே இல்லை. நடுவில் புகுந்தாள், கட்டிப்பிடித்தாள், கண்ணீர் வழிய அழுதாள், அழுதபடியே சிரித்தாள். ஒருவனுடைய கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டினாள். கருத்த பையன். மீசை அப்போதுதான் அடர்ந்திருக்கிறது. என் கணவர்.

அவர் சிரித்தார். வாய் முழுவதும் திறந்து, தலையைப் பின்னால் போட்டு, கடைவாய்ப் பல் தெரிய.

படம் முடிந்தது. மங்களேஸ்வரி சொன்னாள். "நாம பண்றது இவங்க இல்லையே. ஒரு சுண்டு வெரல்கூட இவங்க இல்ல. அப்ப சார் இத்தன வருஷமா செஞ்சு காமிச்சது யாரு?"

நான் கண்ணாடியைக் கழற்றினேன். மடித்தேன். மேசைமேல் வைத்தேன். நிமிர்ந்தபோது அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாகிறது, கிளம்புங்கள்" என்றேன்.

பிப்ரவரி 20, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 22, திருநீற்றுப் புதன்

சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். மண்ணாய் இருக்கிறாய் என்று நினைவில் கொள் என்றார். என் நினைவில் பற்கள்தான் இருந்தன. எங்கள் கல்யாணப் படத்தில் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். ஷீலா பிறந்தபோது, பேரன் பிறந்தபோது, எல்லாவற்றிலும் உதட்டளவுதான். சிரிக்கத் தெரியாத மனிதர் என்று நினைத்து நானும் அதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 23, வியாழன்

மங்களேஸ்வரி தனியாக வந்தாள். இந்தத் தடவை போன் செய்துவிட்டு வந்தாள்.

"அக்கா, நான் சுத்திவளைக்கல. அது நீங்கதான்."

"என்ன உளறல்."

"நாற்காலி தொடைக்கிறது நீங்க. கண்ணாடி நீங்க. 'முடிஞ்சுதா' நீங்க. முப்பது வருஷமா இந்த வீட்டுக்கு வந்துபோறேன், எதிர்ல உக்காந்து பாத்திருக்கேன், எனக்கே உறைக்கல பாருங்க. உங்களப் பாக்கறப்பெல்லாம், தமாராம்மா மாதிரியே இருக்காங்களேன்னு நெனப்பேன். தலகீழா நெனச்சிருக்கேன்."

பொன்மொழிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். கடைசி எழுத்து, சிஸ்டர் பெர்னதெத் எனக்குச் சொன்னது, நான் அவருக்குச் சொன்னது. அழுகையை மறைப்பது, ஏதோ ஒரு மழைநாளில் ஆட்டோவில் நான் சொன்னது. சூடு முகத்துக்கு வரவேண்டும் என்பது, நான் சொன்னது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு 'ம்' என்று சொன்னாரே, அதெல்லாம்.

ருஷ்யப் பெண்ணுக்குத் தமிழின் கடைசி எழுத்தைப் பற்றி என்ன தெரியும் என்று இவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குமே தோன்றவில்லை.

"அவர் அப்படிச் செய்து காட்டும்போது நீங்கள் சிரிப்பீர்களா?" என்று கேட்டேன்.

"சிரிப்போம்க்கா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா உள்ளுக்குள்ள. பயமும் இருக்கும்."

"அவர்?"

யோசித்தாள். "சார் சிரிக்க மாட்டார். ஆனா ஒண்ணு. தமாரா ஆகறதுக்கு முன்னாடி கையில இருக்கற சிகரெட்ட அணைச்சிடுவார். ஜன்னலத் தொறந்து வெப்பார். அப்பறந்தான் உக்காருவார். படத்துல பாத்தா அந்தம்மா ரயில் மாதிரி ஊதுது."

என் வீட்டில் புகை கூடாது. முதல் நாளே சொல்லியிருந்தேன்.

நான் எழுந்து டீ போடப் போனேன். அடுப்பைப் பற்றவைக்க வெகுநேரம் ஆனது.

திரும்பி வந்ததும் அவள் சொன்னாள்: "இனிமே நீங்கதான் சொல்லணும். மூணு வழி இருக்கு. இப்படியே போடலாம், யாருக்கும் தெரியாது. இல்ல படத்துல இருக்கற அந்தம்மாவ அப்படியே போடலாம். இல்ல, உண்மையச் சொல்லிப் போடலாம். நீங்க வேணாம்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"என் கணவரை மேடையில் திருடன் என்று காட்டச் சொல்கிறீர்களா?"

"நான் திருடன்னு சொல்லலையே" என்றாள்.

படத்தில் இருப்பவளையே போடச் சொன்னேன். அவள் பெயர், அவள் முகம். என்னை விட்டுவிடுங்கள் என்றேன்.

மார்ச் 1, புதன்

அவர் மேல் வந்த கோபம் தவக்காலத்துக்கு ஏற்றதல்ல. வீட்டில் கேட்காத பேச்சுக்கு வெளியே ஒரு ருஷ்யப் பெயரைச் சூட்டி எல்லோரையும் கைகட்டி நிற்க வைத்திருக்கிறார். பெண்டாட்டி சொன்னாள் என்றால் கேட்பார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். அதனால் கோபம் குறையவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

புது ஒத்திகை. மங்களேஸ்வரி படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள். தரையில் உட்கார்ந்தாள், ஊதினாள் (வெறும் கையால்தான்), அழுதாள், இளம்பரிதியின் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள். நன்றாகவே செய்தாள். அதுதான் கஷ்டம். அந்த அறையில் அவர் எப்படி இருந்திருப்பார் என்பது தெரிந்தது. குளிர் நாட்டில், பித்தான் போன சட்டைக்காரியின் எதிரில், யாரும் திருத்தாத ஒரு பையன்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பழைய தமாரா உட்கார்ந்த நாற்காலி மூலையில் கிடந்தது. அதன்மேல் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

இத்தனை வருஷம் அவள்மேல் பொறாமைப்பட்டேன். அதில் பாதி என்னைப் பார்த்தே பட்டது என்று ஆகிவிட்டது. சரி, அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் இப்போது நானே என்னைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, அவளுக்கு முழு மேடையையும் கொடுத்திருக்கிறேன். என்ன புத்திசாலித்தனம்.

ஒத்திகை முடிந்ததும் மங்களேஸ்வரியை இருக்கச் சொன்னேன்.

"மூன்றாவது வழி" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பாராட்டவேண்டிய விஷயம்.

"ஒவ்வொரு சொல்லையும் நான் பார்ப்பேன். மனைவி டீயும் கொண்டுவரக்கூடாது, காபியும் கொண்டுவரக்கூடாது. ஆட்டோவில் உட்காருவாள். பேசுவாள்."

"சரிக்கா."

"அந்த மனைவியாக நீங்கள் நடிக்கவேண்டும். தமாராவை வேறு யாருக்காவது கொடுங்கள்."

அவள் சிரித்துவிட்டாள். "அந்தம்மாவ விடச் சொல்றீங்க. எனக்கு அந்தம்மாவ ரொம்பப் பிடிச்சுப்போச்சே."

"எல்லோருக்கும்தான் பிடித்திருக்கிறது" என்றேன்.

மார்ச் 12, ஞாயிறு

மங்களேஸ்வரிக்கு என் நடை வரவில்லை. குதிகாலில் சத்தம் போடுகிறாள். நானே கூடத்தில் நடந்து காட்டவேண்டியதாயிற்று, இளம்பரிதிக்கு அவர் நடையையும். பிள்ளைகள் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

மார்ச் 19, ஞாயிறு

காலையில் கோயிலில் நினைவுப் பூசை. மாலையில் நாடகம். ஷீலா வந்திருந்தாள். அரங்கு நிறைந்திருந்தது.

முதல் பாதி மாஸ்கோ. தமாரா கிரிகோரியெவ்னாவின் வாழ்க்கை: போர்க்காலத்தில் மருத்துவமனைப் படுக்கைகளுக்கு நடுவில் அவள் நடத்திய வகுப்பு, மூடிய கதவுகள், தட்டித் திறந்தது, வெளிநாட்டு மாணவர்கள். சின்னப் பெண் ஒருத்தி நடித்தாள், பாதகமில்லை. பிற்பாதி சென்னை. ஆட்டோவுக்கு இரண்டு நாற்காலி. அவர் வெளியே பார்க்கிறார். பக்கத்தில் நான், அதாவது மங்களேஸ்வரி. "இந்தப் பெண் அழுது தீர்த்துவிட்டாள். எங்களுக்கு அழ மிச்சம் வைக்கவில்லை. கேட்கிறீர்களா?" "ம்."

அடுத்த காட்சி வகுப்பு. இளம்பரிதி சிகரெட்டை அணைத்தான், ஜன்னலைத் திறந்தான், நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தான். "அழுகை வந்தால் மறை, என்று தமாரா சொன்னார்."

சபை சிரித்தது. ஒவ்வொரு தடவை அவன் "தமாரா சொன்னார்" என்றபோதும் அதிகமாகச் சிரித்தது. அவரைப் பார்த்து இந்த ஊர் சிரித்தது இதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடித்திருந்தது என்று எழுதாமல் விட முடியாது.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவன் நாற்காலியில் தனியாக, முதுகு நிமிர்த்தி, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். என்னைப்போல. வெகுநேரம். ஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கண்ணில் எதையும் யாரும் பார்த்திருக்க முடியாது.

மார்ச் 26, ஞாயிறு

அடுத்த மாதம் மதுரையில் போடக் கேட்டிருக்கிறார்கள். குறைகளைச் சொல்ல மங்களேஸ்வரி என்னை அழைத்தாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எழுதிக்கொண்டே, "மேடம், இது தமாரா சொன்னதா?" என்று கேட்டாள்.

"இல்லை. ரெஜினா சொன்னது. முழுப் பெயரையும் எழுது."

எழுதினாள். மற்றவர்களும் எழுதினார்கள்.

பிறகு இளம்பரிதியிடம் சொன்னேன். "எல்லாம் சரி. மாஸ்கோவில் அந்த அம்மாள் உன் கன்னத்தைப் பிடிக்கும்போது நீ சிரிக்கிற சிரிப்பு சரியில்லை. உதட்டோடு நிற்கிறது. வீட்டில் சிரிக்கிற சிரிப்பு அது. அங்கே அவர் அப்படிச் சிரிக்கவில்லை."

"எப்படி மேடம்? எனக்கு வரவே மாட்டேங்குது. நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன். சார் நடை, கை வைக்கிறது எல்லாம் நீங்க காட்டினப்பதான் எனக்கு வந்துச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மங்களேஸ்வரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதை நான் காட்ட முடியாது" என்றேன். "போய்ப் படத்தைப் பார்."